இரவிலும் சுடும் வீடு

பெரம்பலூரிலிருந்து திருச்சி செல்லும் நெடுஞ்சாலையில் சில கிலோமீட்டர் சென்றால் சிறுவாச்சூர் வரும். மதுர காளியம்மன் கோயிலால் பெயர் பெற்ற ஊர் அது. கட்டடக்கலை பயிலும் என்போன்ற மாணவர்களுக்கு அங்கே வேறொரு பாடமும் இருக்கிறது. தமிழ்நாட்டின் பல ஊர்களைப் போலவே அங்கும் கூரை வீடு, ஓட்டு வீடு, கான்கிரீட் வீடு என்று மூன்று தலைமுறைகளின் வீடுகளையும் பார்க்கலாம். கூரையும் ஓடும் ஆண்டுக்கு ஆண்டு குறைகின்றன, கான்கிரீட் பெருகுகிறது.

மக்கள் கான்கிரீட்டை விரும்புவதில் வியப்பில்லை. கூரை வீட்டுக்குத் தீயைக் கண்டால் அச்சம். ஓட்டு வீட்டில் குரங்கு ஏறினால் ஓடு நகரும். மழை வந்தால் ஒழுகும். கான்கிரீட் தளமோ தீயில் எரியாது, புயலில் பறக்காது. தளத்தின்மேல் நெல்லும் மிளகாயும் காயவைக்கலாம். வசதி வந்தால் மாடியும் எழுப்பலாம்.

ஆனால் சித்திரை, வைகாசி இரவுகளில் ஒன்றைக் கவனித்திருப்பீர்கள். பொழுது சாய்ந்து வெகு நேரமாகியிருக்கும். வெளியே காற்று குளிர்ந்திருக்கும். கான்கிரீட் வீட்டுக்குள் மட்டும் புழுங்கும். மின்விசிறியைச் சுழலவிட்டால் வெந்த காற்றே கீழே இறங்கும். பாயைத் தூக்கிக்கொண்டு எல்லோரும் மொட்டை மாடிக்குப் போவார்கள். சூரியன் மறைந்த பிறகும் வீடு ஏன் சுடுகிறது? இதற்கு விடை உங்கள் பாடநூலிலேயே இருக்கிறது. விடையைத் தேடிப் புறப்பட்டால், அது வீட்டோடு நிற்காமல் தெருவுக்கும் நகரத்துக்கும் நம்மை இட்டுச் செல்லும்.

சூரியன் நிற்கும் இடம்

சிறுவாச்சூர் நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஏறத்தாழ 11.2 பாகையில் உள்ளது. எனவே ஆண்டுக்கு இருமுறை, ஏப்ரல் 20-ஐ ஒட்டியும் ஆகஸ்ட் 23-ஐ ஒட்டியும், நண்பகலில் சூரியன் சரியாகத் தலைக்கு மேலே நிற்கும். அன்று ஒரு குச்சியை நேராக நட்டால் நண்பகலில் அதன் நிழல் அதன் காலடியிலேயே அடங்கிவிடும். இந்த ஊரில் வீட்டின் உறுப்புகளுள் கூரையே மிகுதியான வெயிலை வாங்குகிறது என்பதை இதிலிருந்து அறியலாம்.

சுவர்கள் என்ன ஆகின்றன? டிசம்பர் 21 அன்று சூரியன் தெற்கே மிகவும் சாய்ந்திருக்கும். அன்றுகூட நண்பகலில் அது அடிவானத்திலிருந்து 55 பாகைக்கு மேல் உயர்ந்தே நிற்கிறது. தெற்குச் சுவரின் மேலே 1 மீட்டர் இறவாரம் நீட்டினால் எவ்வளவு நிழல் விழும்? 55.4 பாகையின் டேன்ஜென்ட் 1.45. ஆக, சுவரில் 1.45 மீட்டர் உயரத்துக்கு நிழல் கிடைக்கும். சன்னலைக் காக்க இது போதும்.

மேற்குச் சுவரின் கதை வேறு. மாலை 4 மணிக்குச் சூரியன் 30 பாகை உயரத்தில்தான் இருக்கும். அதே 1 மீட்டர் இறவாரம் அப்போது 58 செ.மீ. நிழல்தான் தரும். மீதிச் சுவர் முழுவதும் காயும். அதனால்தான் மேற்கு முகத்துக்கு ஒரு வேப்பமரமோ, அகன்ற தாழ்வாரமோ தேவைப்படுகிறது. முக்கோணவியல் எதற்குப் பயன்படும் என்று கேட்கும் நண்பர்கள் இந்தக் கணக்கை ஒருமுறை போட்டுப் பார்க்கலாம்.

கூரையில் விழுந்த வெப்பம்

தெளிந்த கோடை நண்பகலில் 1 சதுர மீட்டர் தரையில் ஏறத்தாழ 1,000 வாட் ஆற்றல் வெயிலாக விழுகிறது. 10 மீட்டர் நீளமும் 10 மீட்டர் அகலமும் உள்ள ஒரு தளத்தை எண்ணிக்கொள்ளுங்கள். அதன் பரப்பு 100 சதுர மீட்டர். அதன்மேல் விழும் ஆற்றல் 1,00,000 வாட். வாளியில் போட்டு வெந்நீர் காய்ச்சும் 1,000 வாட் மின்கம்பிகள் நூற்றை ஒரே நேரத்தில் மொட்டை மாடியில் வைத்தது போன்றது இது! பழைய, அழுக்கேறிய கான்கிரீட் இதில் மூன்றில் இரண்டு பங்கை உறிஞ்சிக்கொள்கிறது. அதில் ஒரு பகுதியைக் காற்று கொண்டுபோகிறது. ஒரு பகுதி வானை நோக்கிக் கதிர்வீசப்படுகிறது. மீதி தளத்துக்குள் இறங்குகிறது.

இறங்கிய வெப்பத்துக்கும் கணக்கு உண்டு. தளத்தின் கனம் 12 செ.மீ. என்றால் அதிலுள்ள கான்கிரீட் 12 கன மீட்டர். எடை ஏறத்தாழ 28,800 கிலோ. ஒரு கிலோ கான்கிரீட்டின் வெப்பநிலையை 1 டிகிரி உயர்த்த 0.88 கிலோஜூல் வேண்டும். காலையில் 32 டிகிரி செல்சியசாக இருந்த தளம் பிற்பகலில் 47 டிகிரி ஆனால், அதாவது 15 டிகிரி உயர்ந்தால், அதனுள் சேர்ந்த வெப்பம் 3,80,160 கிலோஜூல். இதை மின்சாரக் கணக்கில் சொன்னால் ஏறத்தாழ 105 யூனிட். பல வீடுகளில் ஒரு மாதத்துக்குச் செலவாகும் மின்சாரத்துக்கு நிகரான ஆற்றல் ஒரே பகலில் தளத்தில் குடியேறிவிடுகிறது.

பொழுது சாய்ந்ததும் இந்தக் கடனைத் தளம் திருப்பித் தருகிறது. பாதியை வானுக்கும் பாதியை நமக்கும்! வெப்பம் கான்கிரீட்டின் ஊடே கடந்து வரச் சில மணி நேரம் பிடிக்கும். அதனால் பிற்பகலில் மேற்புறம் கடுமையாகச் சுட்டாலும், கீழ்ப்புறம் மாலைக்கு மேல்தான் முழு வேகத்தில் சுடும். தோசைக்கல்லை நினைத்துப் பாருங்கள். அடுப்பிலிருந்து இறக்கி வைத்த பிறகும் அது நெடுநேரம் சுடும். மெல்லிய தகரத் தட்டோ உடனே ஆறிவிடும். நம் தலைக்கு மேல் இருப்பது 28,800 கிலோ எடையுள்ள தோசைக்கல்.

மின்விசிறி ஏன் தோற்கிறது என்பதும் இப்போது விளங்கும். வெப்பம் பரவும் மூன்று வழிகளைப் படித்திருக்கிறீர்கள்: கடத்தல், சலனம், கதிர்வீச்சு. மின்விசிறியால் காற்றை அசைக்க முடியும். உத்தரத்திலிருந்து நம் உடலை நோக்கி வரும் கதிர்வீச்சைத் தடுக்க அதனால் முடியாது.

ஓடும் சுருக்கித் தளமும்

ஓட்டு வீடு இதே வெயிலை எப்படிச் சமாளித்தது? ஓடு மெல்லியது. பகலில் அதுவும் சுடும். ஆனால் சேமித்து வைக்கும் வெப்பம் குறைவு. இருட்டியதும் விரைவில் ஆறிவிடும். மேலும் ஓடுகளுக்கு இடையே நுண்ணிய இடைவெளிகள் உண்டு. வெந்த காற்று இலேசாகி மேலே எழுந்து அவற்றின் வழியே வெளியேறும். கூரை உயரமாக இருந்தால் அந்தக் காற்று நம் தலையிலிருந்து எட்டியே நிற்கும்.

சரி, வசதியானவர்கள் கட்டிய பழைய மச்சு வீடுகள்? அவற்றின் தளம் கனமானதுதானே? ஆம். அங்கே மரவாரைகளின்மேல் செங்கல்லைச் சுண்ணாம்புச் சாந்தில் குத்துக்கல்லாக அடுக்கினார்கள். அதன்மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து கெட்டித்தார்கள். எல்லாவற்றுக்கும் மேலே தட்டோடு பதித்தார்கள். கட்டடக்கலை நூல்களில் இதற்கு ‘மெட்ராஸ் தளம்’ என்றே பெயர். செங்கல் ஜல்லியில் எண்ணற்ற நுண்துளைகள் இருக்கின்றன. அவற்றில் காற்று அடைபட்டிருக்கிறது. காற்று வெப்பத்தை அரிதில் கடத்தும். கம்பளி எப்படி உடலின் வெப்பத்தை வெளியே விடுவதில்லையோ, அப்படியே இந்த அடுக்கு வெளி வெப்பத்தை உள்ளே விடுவதில்லை. இன்றும் கான்கிரீட் தளத்தின்மேல் சுருக்கி போட்டுத் தட்டோடு பதிப்பவர்கள் உண்டு. செலவைக் குறைக்க நினைப்பவர்கள் முதலில் விட்டுவிடுவதும் இதைத்தான்.

கனமான பொருள் வீட்டுக்கு நல்லதா, கெட்டதா? இரண்டும் உண்மை. நிழலில் நிற்கும் கனத்த மண்சுவர் பகலின் சூட்டைத் தாமதப்படுத்தி நம்மைக் காக்கும். வெயிலில் காப்பு ஏதுமின்றிக் கிடக்கும் கான்கிரீட் தளம் பகலின் சூட்டை இரவுக்குக் கொண்டுவந்து சேர்க்கும். பொருளைவிட, அது இருக்கும் இடமே முக்கியம்.

கடலடியில் பிறந்த சிமென்ட்

இந்தக் கான்கிரீட்டின் பிறப்பிடமும் நம் பக்கத்திலேயே இருக்கிறது. ஏறத்தாழ 10 கோடி ஆண்டுகளுக்கு முன் அரியலூர்ப் பகுதி கடலுக்கடியில் இருந்தது. அந்தக் கடலில் வாழ்ந்த சிப்பிகளும் பிற உயிர்களும் மடிந்து படிந்தே அங்குள்ள சுண்ணாம்புப் பாறை உருவாயிற்று. பெரம்பலூர் மாவட்டத்துச் சாத்தனூரில் 18 மீட்டர் நீளமுள்ள கல்மரம் ஒன்று கிடக்கிறதே, அதுவும் அந்தக் கடலின் நினைவுச் சின்னம்தான். புவியியல் அறிஞர் எம்.எஸ். கிருஷ்ணன் 1940-இல் அதை உலகுக்கு அறிவித்தார்.

1824-இல் இங்கிலாந்தில் ஜோசப் ஆஸ்ப்டின் என்னும் கொத்தனார் போர்ட்லண்ட் சிமென்டுக்குக் காப்புரிமை பெற்றார். இந்தியாவில் 1904-இல் சென்னையில் சிமென்ட் செய்யும் முதல் முயற்சி நடந்தது. இன்று அரியலூரைச் சுற்றிப் பெரிய சிமென்ட் ஆலைகள் இயங்குகின்றன. சுண்ணாம்புக்கல்லையும் களிமண்ணையும் அரைத்து 1,450 டிகிரி செல்சியஸ் வரை சூடாக்குகிறார்கள். அப்போது கால்சியம் கார்பனேட் சிதைகிறது. 100 கிராம் தூய சுண்ணாம்புக்கல்லிலிருந்து 56 கிராம் சுட்ட சுண்ணாம்பு கிடைக்கும். 44 கிராம் கரியமில வாயு காற்றில் கலக்கும். உலைக்கு எரிக்கும் நிலக்கரியின் புகை இதில் சேராது. மனிதச் செயல்களால் உலகில் வெளியாகும் கரியமில வாயுவில் நூற்றுக்கு 7 அல்லது 8 பங்கு சிமென்ட் தொழிலிலிருந்து வருகிறது. பத்துக் கோடி ஆண்டுகளாகப் பாறையில் உறங்கிய வாயுவை நாம் ஒரே நாளில் எழுப்பி அனுப்புகிறோம். ஆகவே தேவைக்கு மேல் ஒரு மூட்டை சிமென்டைக்கூட வீணாக்காமல் கட்டுவது எப்படி என்பது கட்டடக்கலை மாணவர்களின் பெரிய கேள்வியாகியிருக்கிறது.

நகரம் என்னும் அடுப்பு

ஒரு வீட்டுக்கு நேர்வது ஆயிரம் வீடுகளுக்கும் நேர்ந்தால்? இலண்டனில் லூக் ஹோவர்ட் என்பவர் பல ஆண்டுகள் வெப்பமானியோடு இதை ஆராய்ந்தார். நகரத்தின் நடுப்பகுதி சுற்றியுள்ள நாட்டுப்புறத்தைவிட, சிறப்பாக இரவில், வெப்பமாக இருப்பதைக் கண்டு 1818-இல் எழுதத் தொடங்கினார். இன்று இதை ‘நகர வெப்பத் தீவு’ என்கிறோம்.

காரணங்கள் உங்களுக்கு இப்போது எளிதாகவே விளங்கும். கான்கிரீட்டும் தார்ச்சாலையும் பகலில் வெப்பத்தைச் சேமிக்கின்றன. உயர்ந்த கட்டடங்களுக்கு இடையே தெருவுக்குத் தெரியும் வானம் குறுகிவிடுவதால், இரவில் அந்த வெப்பம் வானுக்குத் தப்ப வழியில்லை. ஒரு சுவர் வீசும் கதிரை எதிர்ச்சுவர் வாங்கிக்கொள்கிறது. மரங்கள் இலைகள் வழியே நீரை ஆவியாக்கிக் காற்றைக் குளிர்விக்கும். ஏரியும் குளமும் அப்படியே. இவை குறையக் குறையக் குளிர்ச்சியும் குறைகிறது.

இதனோடு இன்னொன்றும் சேர்கிறது. ‘ஒரு டன் ஏ.சி.’ என்கிறார்களே, அது என்ன டன்? 907 கிலோ பனிக்கட்டி 24 மணி நேரத்தில் உருக எவ்வளவு வெப்பத்தை உறிஞ்சுமோ, அந்த வேகத்தில் அறையிலிருந்து வெப்பத்தை எடுக்கும் பொறி என்று பொருள். அது 3.5 கிலோவாட். இதற்கு அந்தப் பொறி ஏறத்தாழ 1 கிலோவாட் மின்சாரம் செலவிடுகிறது. அறையில் எடுத்த வெப்பமும் செலவிட்ட மின்சாரமும் சேர்ந்து 4.5 கிலோவாட் வெப்பமாகத் தெருவில் கொட்டப்படுகின்றன. ஆற்றல் அழியாது என்ற விதியை யாரால் மீற முடியும்? ஒரு வீட்டின் குளிர்ச்சி அடுத்த வீட்டின் வெப்பமாகிறது. அந்த அடுத்த வீட்டில் ஏ.சி. வாங்க இயலாத ஒரு பாட்டி தகரக் கூரையின்கீழ் படுத்திருக்கலாம்.

இது வெறும் அசௌகரியம் அன்று. 2010 மே மாதத்தில் அகமதாபாத் நகரத்தில் வெப்பநிலை 46.8 டிகிரியைத் தொட்டது. வழக்கமான மே மாதங்களைவிட அம்மாதத்தில் 1,344 பேர் கூடுதலாக இறந்தனர் என்று பின்னர் ஆய்வாளர்கள் கணக்கிட்டனர். இரவில் உடல் ஆறினால்தான் மறுநாள் வெயிலைத் தாங்க முடியும். இரவும் சுட்டால் முதியோர்களும் குழந்தைகளும் நோயாளிகளும் முதலில் சோர்ந்துவிடுகிறார்கள். 2013-இல் அந்நகரம் வெப்பத்தை எதிர்கொள்ளத் தனித் திட்டம் வகுத்தது. முன்னெச்சரிக்கை, மருத்துவமனை ஏற்பாடு, குடிநீர் என்பவற்றோடு பின்னாளில் ஏழைகளின் வீட்டுக் கூரைகளுக்கு வெள்ளைப் பூச்சுப் பூசும் பணியும் இதில் சேர்ந்தது.

திண்ணையும் தெருவும்

வெப்பத்தோடு முடிவதில்லை கட்டடத்தின் கடமை. பழைய வீட்டின் திண்ணையை எடுத்துக்கொள்ளுங்கள். அது சுவருக்கு நிழல் தந்தது. வழிப்போக்கருக்கு உட்கார இடமும் தந்தது. வீட்டுக்கும் தெருவுக்கும் இடையே அது ஒரு பாலம். 1961-இல் நியூயார்க்கில் ஜேன் ஜேக்கப்ஸ் என்னும் அம்மையார் நகரங்களைப் பற்றி ஒரு நூல் எழுதினார். வீடுகளிலும் கடைகளிலும் இருப்போர் தெருவைப் பார்த்துக்கொண்டிருப்பதே அந்தத் தெருவுக்குச் சிறந்த காவல் என்று அவர் விளக்கினார். நம் பாட்டிமார் திண்ணையில் அமர்ந்து செய்தது அந்த வேலையைத்தான்! இன்று உயரமான சுற்றுச்சுவரும் இரும்புக் கதவும் வந்துவிட்டன. வீடு பத்திரமாகிவிட்டதாக நினைக்கிறோம். தெருவைப் பார்க்கத்தான் ஆள் இல்லை.

சிறுவாச்சூர்க் கோயில் பொதுவாகத் திங்கள், வெள்ளிக் கிழமைகளில்தான் திறக்கப்படும். அந்நாட்களில் பல ஊர் மக்கள் வந்து கூடுவார்கள். பூக்கடையும் தேங்காய்க் கடையும் சுறுசுறுப்பாகும். ஒரு சிற்றூர் சில மணி நேரத்துக்கு நகரமாகிவிடுகிறது. கட்டடம் ஒன்றும் கூடவில்லையே! கூடியவர்கள் மனிதர்கள். முன்பின் அறியாத மனிதர்கள் சந்தித்துக் கொடுத்து வாங்கும் இடத்தைத்தான் நகரம் என்கிறோம். கட்டடமும் தெருவும் அந்தச் சந்திப்புக்கு நிழலும் இடமும் தர வேண்டும்.

இதற்கு எதிரான சான்று அரியலூர் மாவட்டத்திலேயே உள்ளது. கங்கைகொண்ட சோழபுரம் 11-ஆம் நூற்றாண்டில் இராசேந்திர சோழன் அமைத்த தலைநகரம். ஏறத்தாழ 250 ஆண்டுகள் சோழப் பேரரசை அங்கிருந்து ஆண்டார்கள். இன்று கற்கோயில் ஓங்கி நிற்கிறது. செங்கல் அரண்மனையோ மாளிகைமேட்டில் மண்ணுக்குள் அடித்தளமாக மட்டும் அகழ்ந்தெடுக்கப்பட்டது. 1836-இல் கீழணை கட்டியபோது கோயிலைச் சேர்ந்த கற்களும் பெயர்த்துச் செல்லப்பட்டன. ஆட்சி அகன்றது, மக்கள் கலைந்தனர், நகரம் சிற்றூராயிற்று. கல் மட்டும் நகரமாகிவிடாது.

என்ன செய்யலாம்?

எல்லோரும் ஓட்டு வீட்டுக்குத் திரும்புங்கள் என்று நான் சொல்லவில்லை. திரும்பவும் முடியாது. கான்கிரீட்டோடு அறிவையும் கலந்து கட்டலாம்.

இங்கிலாந்தில் 1917-இல் பிறந்து கேரளத்தைத் தம் ஊராக்கிக்கொண்டவர் லாரி பேக்கர். 2007-இல் மறையும் வரை சிக்கனமான, குளிர்ந்த வீடுகளைக் கட்டிக் காட்டினார். செங்கற்களைக் குத்துவாட்டில் நிறுத்தி, சுவருக்குள்ளேயே காற்றறைகள் விட்டுக் கட்டும் ‘எலிப்பொறிக் கட்டு’ முறையை அவர் பரப்பினார். இதில் செங்கல் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு மிச்சம்; அடைபட்ட காற்று வெப்பத்தையும் தடுக்கும்.

தளத்திலும் அவர் ஒரு சிக்கனம் செய்தார். பாரம் ஏற்றினால் தளம் சற்றே வளையும். மேற்பாதி அமுங்கும், கீழ்ப்பாதி இழுபடும். கான்கிரீட் அமுக்கத்தை நன்றாகத் தாங்கும், இழுவையைத் தாங்காது. இழுவையைத் தாங்குவது உள்ளே இருக்கும் கம்பிகள்தாம். அப்படியானால் கீழ்ப்பாதியில், கம்பிகளுக்கு இடையே உள்ள கான்கிரீட் பெரும்பாலும் சுமைதானே? அந்த இடத்தில் பழைய சீமை ஓடுகளை வைத்து நிரப்பினார். சிமென்ட் மிச்சம், எடை குறைவு, வெப்பமும் குறைவு. தகுந்த பொறியாளர் கணக்கிட்டுத் தந்த பிறகே இதைக் கட்ட வேண்டும்.

ஏற்கெனவே கட்டிய வீட்டுக்கு? எளிய மருந்து சுண்ணாம்பு. புதிதாக வெள்ளையடித்த தளம் தன்மேல் விழும் வெயிலில் ஏறத்தாழ முக்கால் பங்கைத் திருப்பி அனுப்பிவிடும். பங்குனியில் மழைக்கறையைத் தேய்த்துக் கழுவி, இரண்டு மூன்று பூச்சுப் பூசினால் கோடைக்குத் தாங்கும். சுண்ணாம்பு கண்ணில் பட்டால் ஆபத்து. ஆகவே பெரியவர்கள் துணையோடுதான் செய்ய வேண்டும்.

செய்து பாருங்கள்

ஒரே அளவுள்ள இரண்டு அட்டைப் பெட்டிகளை எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றின் மூடிக்குச் சுண்ணாம்பும் மற்றதன் மூடிக்குக் கரியும் பூசுங்கள். இரண்டிலும் பக்கவாட்டில் துளையிட்டு வெப்பமானியைச் செருகி வெயிலில் வையுங்கள். அரைமணிக்கு ஒருமுறை அளவைக் குறியுங்கள்.

அடுத்து, கரி பூசிய பெட்டியின் மூடிமேல் ஒரு செங்கல் வில்லையை வைத்து, சூரியன் மறைந்த பிறகும் இரவு 9 மணி வரை அளவெடுங்கள். வரைபடத் தாளில் வளைகோடு வரைந்தால், உங்கள் வீட்டுத் தளத்தின் கதை அதில் தெரியும்.

பிறகு வெப்பமானியோடு ஊருக்குள் செல்லுங்கள். மாலை 7 மணிக்கு வேப்பமரத்தடி, குளக்கரை, கடைத்தெரு என்று மூன்று இடங்களில் காற்றின் வெப்பநிலையை ஒரு வாரம் குறித்து வாருங்கள். எந்த இடம் விரைவில் ஆறுகிறது? எது ஆறவே மறுக்கிறது?

உங்களில் பலர் ஒருநாள் வீடு கட்டுவீர்கள். சிலர் கட்டடக் கலைஞராகவும் பொறியாளராகவும் கொத்தனாராகவும் ஆவீர்கள். அப்போது வரைபடத்தை விரித்து இரண்டு கேள்விகளைக் கேளுங்கள். இந்த வீட்டில் சித்திரை மாத இரவில் ஒரு பாட்டியும் ஒரு பச்சைக் குழந்தையும் நிம்மதியாக உறங்க முடியுமா? இந்த வீட்டினால் தெருவுக்குக் கிடைக்கப்போவது நிழலா, வெப்பமா?